மெரினாவின் பின்கட்டு

சுண்டலைக் கொறித்தபடி மெரினாவில் கால் நனைக்கிறீர்களே, அந்த அலை எந்த அடுப்பில் வெந்தது தெரியுமா? செருப்பைக் கழற்றிக் கையில் பிடியுங்கள். கடலின் பின்கட்டுக்குப் போய்விட்டு வரலாம்.

வாசலிலேயே ஒரு குட்டை உடைத்துவிடுகிறேன். அலையோடு தண்ணீர் வருவதில்லை! நடுக்கடலில் ஒவ்வொரு துளியும் ராட்டினம் ஏறிய பிள்ளைபோல ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஏறக்குறைய ஏறின இடத்திலேயே இறங்கிவிடுகிறது. ஓடி வருவது காற்று கொடுத்தனுப்பிய ஆற்றல் மட்டும். கரை நெருங்கியதும் தரை தட்டுகிறது, அடிப்பக்கம் பின்தங்குகிறது, தலைப்பக்கம் முந்துகிறது... தொபீர்! அலையின் உயரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. கணுக்கால் நனைக்கப் போனவர் தொப்பலாகத் திரும்பும் ரகசியம் இதுதான்.

கைக்கடிகாரம் இருக்கிறதா? இரண்டு அலைக்கு நடுவே 5, 6 விநாடி என்றால் அது அக்கம்பக்கத்துக் காற்றின் கைவேலை. குமரிக் கரையில் சில நாட்களில் 15 விநாடியையும் தாண்டும். இலை அசையாது, வானம் பளிச்சென்று இருக்கும், கடல் மட்டும் திடுதிப்பென்று ஊருக்குள் ஏறும். கள்ளக்கடல்! அண்டார்டிகா பக்கம் எங்கோ அடித்த புயல் கிளப்பிவிட்ட அலை, நாட்கணக்கில் நடந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து கதவைத் தட்டுகிறது. சொல்லாமல் வருகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

நிலாவும் இங்கே வேலைக்கு வருகிறது. ஆனால் சென்னையில் கொஞ்சம் சோம்பேறி. பௌர்ணமியன்றுகூட ஓதம் சுமார் 1 மீட்டர்தான் ஏறி இறங்கும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டர்வரை போகும்.

சரி, உக்கிராண அறைக்கு வாருங்கள். எனக்குப் பிடித்த இடம் இது. அலை கரையைச் சாய்வாக அடித்தால் மணல் சாய்வாக ஏறுகிறது, நேராகச் சரிகிறது. மறுபடி சாய்வாக ஏற்றம், நேராகச் சரிவு. இப்படியே ரம்பப்பல் போட்டுக்கொண்டு கரையோரமாக ஊர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, வாடைக் காலத்தில் தெற்கே. நீரோட்டமும் அதேபோல் திசை மாற்றும். தெற்கிலிருந்து வந்தால் 'தெண்டி', வடக்கிலிருந்து வந்தால் 'வன்னி' என்பார்கள் சென்னை மீனவர்கள். வலை எந்தப் பக்கம் இழுபடும் என்பதை அதை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

வருஷக் கணக்கு முடித்துப் பார்த்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். போய்க்கொண்டே இருந்தது. 1876-ல் துறைமுகத்துக்கான அலைதடுப்புச் சுவர் வேலை தொடங்கியது. வடக்கே கிளம்பிய மணல் அதில் முட்டி நின்றது. பின்னால் வந்ததும் நின்றது. குவிந்தது, குவிந்தது, ஒல்லியாக இருந்த கரை மைதானமாக அகன்றது. ஆமாம், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே மெரினா!

சுவருக்கு அந்தப் பக்கம் பந்தி காலி. ராயபுரம் தொடங்கி வடக்கே கரையைக் கடல் கடித்துத் தின்றது. இன்று அங்கே கருங்கல்லைக் கொட்டித்தான் அலையை நிறுத்துகிறார்கள்.

எழுந்து கிளம்பும்போது உடையில் ஒட்டியதைத் தட்டிவிடுவீர்கள் அல்லவா? ராயபுரத்துக்குப் போகக் கிளம்பிய மணல் அது.