மல்லாந்து படுத்தால் மூச்சு நிற்குமா? தெரியுமா உங்களுக்கு?

விண்வெளியில் குறட்டைச் சத்தம் கேட்பதே அபூர்வம், தெரியுமா? 1998இல் அமெரிக்க விண்வெளி ஓடங்களில் போன ஐந்து பேரின் தூக்கத்தைப் பதிவு செய்தார்கள். தரையில் இருந்தபோது அவர்கள் தூங்கிய நேரத்தில் 16.5 சதவீதம் குறட்டையிலேயே கழிந்தது. மேலே போனதும்? வெறும் 0.7 சதவீதம்! தூக்கத்தில் மூச்சு தடைபடும் எண்ணிக்கையும் 55 சதவீதம் குறைந்துவிட்டது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. உடல் எடையற்று மிதந்தது, அவ்வளவுதான்!

அப்படியானால் பூமியில் என்ன நடக்கிறது? மல்லாந்து படுத்ததும் நாக்கின் அடிப்பகுதி, மெல்லண்ணம், உள்நாக்கு மூன்றையும் புவியீர்ப்பு தொண்டைச் சுவரை நோக்கி இழுக்கிறது. தூக்கத்தில் தசைகளும் தளர்ந்துவிடுவதால் காற்றுப் போகும் வழி சுருங்குகிறது. சில பேருக்கு முழுசாகவே அடைத்துக்கொள்கிறது! இதுதான் ஸ்லீப் ஆப்னியா. கனவு காணும் நேரத்தில் தசைகள் இன்னும் துவண்டுபோகும். மல்லாந்து படுத்தபடி கனவு காண்பதுதான் பலருக்கு இரவின் மிக மோசமான கட்டம்!

எத்தனை விநாடி மூச்சு நின்றால் கணக்கில் சேர்ப்பார்கள்? குறைந்தது 10 விநாடி. மூச்சு 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்து ஆக்ஸிஜன் இறங்கினாலும் கணக்குத்தான். மணிக்கு 5 முறைக்குக் கீழே என்றால் கவலையில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 30ஐத் தொட்டால் கடுமையானது. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 முறை! காலையில் எழுந்தால் அதில் ஒன்றுகூட ஞாபகம் இருக்காது!

குறட்டை சட்டென்று நின்றதும் பக்கத்தில் படுத்திருப்பவர் "அப்பாடா" என்று புரண்டு படுப்பார். ஆனால் அந்த அமைதியில்தான் மூச்சே நின்றிருக்கக்கூடும், தெரியுமா? சற்று நேரத்தில் ஒரு திணறல், ஒரு பெரிய இழுப்பு, மறுபடியும் குறட்டை. வீட்டில் யாராவது இப்படித் தூங்கினால் அடுத்த முறை அவர் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று கவனியுங்கள்!

கவனித்து என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் ராசலிண்ட் கார்ட்ரைட் 1984இலேயே மூச்சுத் தடைகளைப் படுக்கும் நிலைவாரியாக எண்ணிப் பார்த்தார். ஒருக்களித்துப் படுப்பதைவிட மல்லாந்து படுக்கும்போது இரண்டு மடங்கோ அதற்கு மேலோ மூச்சு தடைபட்டால் அதைப் 'படுக்கும் நிலையைச் சார்ந்தது' என்று வகைப்படுத்தினார். ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த வகைதான்!

இங்கேதான் சராசரி நம்மை ஏமாற்றுகிறது! ஒருவர் ஏழு மணி நேரம் தூங்குகிறார் என்று வையுங்கள். மல்லாந்த இரண்டு மணி நேரத்தில் மணிக்கு 40 தடை, மொத்தம் 80. ஒருக்களித்த ஐந்து மணி நேரத்தில் மணிக்கு 4, மொத்தம் 20. நூறை ஏழால் வகுத்தால் 14 சொச்சம். அறிக்கையில் 'லேசானது' என்று வந்துவிடும்! அந்த இரண்டு மணி நேரம் அவர் பட்ட பாடு அந்தச் சராசரியில் தெரியாது. அன்றைக்குப் பார்த்து இரவு முழுக்க ஒருக்களித்தே படுத்திருந்தால்? நோயே இல்லை என்று ஆகிவிடும்!

தூக்கத்தைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் நடப்பது இன்னும் வேடிக்கை. தலை, மார்பு, கால், மூக்கு என்று எங்கும் வயர்கள் ஒட்டியிருப்பதால் பலர் அங்கே வீட்டைவிடக் கூடுதல் நேரம் மல்லாந்தே படுக்கிறார்கள்!

சரி, நாம் எப்படிப் படுக்கிறோம் என்று நமக்கே தெரியுமா? கண் மூடியபோது இருந்த நிலை தெரியும், விழித்தபோது இருந்த நிலை தெரியும். நடுவில்? உடலில் உணரிகளைப் பொருத்தி 664 பேரை அவரவர் வீட்டிலேயே தூங்கவிட்டு அளந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. படுக்கையில் கழிந்த நேரத்தில் ஒருக்களித்து 54 சதவீதம், மல்லாந்து 37, குப்புற 7 சதவீதம்தான்!

இந்த வேலையைச் செய்யும் உணரி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது, தெரியுமா? போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதற்குக் காரணமான ஆக்சிலரோமீட்டர்தான்! புவியீர்ப்பு எந்தத் திசையில் இழுக்கிறது என்று அது மூன்று அச்சுகளில் ஓயாமல் அளக்கிறது. அதே உணரியைக் கொண்ட சின்னக் கருவியை நடுநெஞ்சில் பட்டை போட்டு அசையாமல் கட்டிவிட்டால் போதும். மல்லாந்தா, இடமா, வலமா, குப்புறவா என்று விடியும்வரை எழுதிக்கொண்டே இருக்கும்! தொளதொளப் பனியனில் செருகினால் கருவி நழுவிவிடும், கணக்கும் தப்பிவிடும்.

இதோடு, ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனை இரவு முழுக்கப் பதிவு செய்யும் ஆக்ஸிமீட்டரும் விரலில் இருந்தால்? விநாடிக்கு ஒரு அளவு, எட்டு மணி நேரத்துக்கு 28,800 அளவுகள்! ஆனால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும், அதில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். இரண்டு வரைபடங்களையும் மேலும் கீழுமாக வைத்துப் பாருங்கள். மல்லாந்த நேரத்தில் ஆக்ஸிஜன் கோடு ரம்பப் பல் மாதிரி இறங்கி ஏறும், ஒருக்களித்ததும் நேராகிவிடும். படுக்கும் நிலையைச் சார்ந்த ஆப்னியா பல நேரம் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்! மூச்சு நின்ற அதே நொடியில் எண் இறங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். நுரையீரலில் இருந்து ரத்தம் விரல்வரை வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும்!

கொரோனா காலத்தில் வீடு வீடாக வந்து சேர்ந்த அந்த ஆக்ஸிமீட்டரின் அடிப்படை யாருடைய யோசனை தெரியுமா? ஜப்பானியப் பொறியாளர் டாகுவோ அவோயாகி 1970களில் கண்டறிந்தது. உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார்!

நெஞ்சில் கட்டிய உணரி மட்டும் போதுமா? போதாது! உடல் மல்லாந்திருந்தும் தலை பக்கவாட்டில் திரும்பியிருந்தால் சிலருக்கு மூச்சுத் தடை குறைகிறது. அதனால்தான் சில ஆய்வாளர்கள் நெற்றியிலும் ஓர் உணரியை ஒட்டுகிறார்கள்!

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதெல்லாம் பெரியவர்களுக்கு! ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தையை மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1994இல் இதற்கென்றே பிரசாரம் தொடங்கினார்கள். குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென இறப்பது பாதியளவுக்குக் குறைந்தது!

இந்தியாவில் எத்தனை பேருக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கலாம்? 2023இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் போட்ட கணக்குப்படி சுமார் 10.4 கோடி! பெரும்பாலோர் பரிசோதனைப் பக்கமே போனதில்லை. பகலில் தூங்கி விழுகிறவர்கள், வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறவர்கள், ரத்த அழுத்தம் அடங்காதவர்கள் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் எடுத்த பதிவையும் கொண்டுபோங்கள். அதை மட்டும் நம்பி நீங்களே முடிவு கட்டாதீர்கள்!

மல்லாந்தால்தான் பிரச்சினை என்று தெரிந்தால்? பனியனின் முதுகுப் பக்கம் டென்னிஸ் பந்தைத் தைத்துவிடும் வைத்தியம் உண்மையிலேயே உண்டு! புரண்டால் உறுத்தும், உடல் தானே திரும்பும். ஆனால் உறுத்தல் தாங்காமல் பலர் சில மாதங்களில் கைவிட்டுவிடுகிறார்கள். இப்போது கழுத்திலோ மார்பிலோ கட்டும் கருவி வந்துவிட்டது. மல்லாந்தவுடன் மெல்ல அதிரும், திரும்பும்வரை விடாது!

எப்படிப் படுத்தாலும் மூச்சு நிற்கிறவர்களுக்கு? மூக்கு வழியே காற்றை அழுத்தமாகச் செலுத்தும் சிபேப் கருவி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் அதை முதன்முதலில் சோதித்தது 1980இல். தொடக்க காலக் கருவிகளுக்குள் சுழன்றது என்ன தெரியுமா? வாக்குவம் கிளீனர் மோட்டார்! உறிஞ்சுவதற்குப் பதில் ஊத வைத்து, முகமூடியை நோயாளியின் மூக்கில் பசையால் ஒட்டினார்கள்! ஐந்து பேரிடம் கண்ட பலன் 1981இல் 'லான்செட்' இதழில் வெளியானது. இரவுதோறும் நூற்றுக்கணக்கான முறை விழித்துக்கொண்டிருந்தவர்கள் விடியும்வரை அசந்து தூங்கினார்கள்!