சன்ரூஃபும் மழைத் தண்ணீரும்

சன்ரூஃபில் ஒழுகினால் நம்மவர்கள் றப்பருக்கு சிலிக்கோன் பூசிக் காசைக் கரைக்கிறார்கள். றப்பர் முழுத் தண்ணீரையும் தடுப்பதில்லை. தாண்டி வருவதை உள்ளேயுள்ள தட்டு ஏந்தி, மூலைக் குழாய்களால் கீழே விடுகிறது. சருகு அடைத்தால் கூரைத் துணியும் தரைவிரிப்பும் நனையும், வயர்கள் துருவேறும்.

2014 ஒக்டோபர் 29 இல் மண்சரிவு கண்ட மீரியபெத்த பக்கத்து ஐப்பசி மழையைச் சொல்லவா வேண்டும்! சரிவில் நிறுத்திய வாகனத்தில் தண்ணீர் பள்ளத்து மூலைக்கே ஓடும். அந்தக் குழாய் அடைத்திருந்தால் தொல்லைதான்.

பழைய வாகனம் வாங்குமுன் நான் விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்ப்பேன். மழையில் நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் விற்பவருக்கும் தெரியும்தானே.

சன்ரூஃபைத் திறந்து, தட்டின் மூலையில் அரைக் கோப்பைத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். வண்டிக்கடியில் வடிந்தால் சரி. வடியாவிட்டால் புல்வெட்டும் மெஷினின் நைலோன் நூலை மெதுவாக விட்டெடுங்கள். காற்றடித்தால் குழாய் உள்ளே கழன்றுவிடக்கூடும்.