தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தோட்டம்: எதற்கு முதல் குடம்?

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வற்றிப்போயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அப்படியொரு கோடை இன்னொரு முறை வந்தால் வீட்டுத் தோட்டத்தைக் காயவிட வேண்டியதில்லை. விலை கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீரைப் புல்லில் கொட்டவும் வேண்டாம். எந்தச் செடிக்கு முதலில், எதற்குக் கடைசியில் என்ற வரிசை தெரிந்தால் போதும்.

கடைசி இடம் புல்தரைக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். மே மாத வெயிலில் புல்தரை நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீரை இழக்கும். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். அதாவது தினமும் 465 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. மூன்று பேரின் பங்கை மிஞ்சியதை ஒரு புல்தரை குடித்துவிடுகிறது. அருகு வகைப் புல் மஞ்சளித்தாலும் பயமில்லை. மண்ணுக்குள் தண்டு உயிரோடிருக்கும், மழை விழுந்ததும் துளிர்க்கும்.

முதல் குடம் நட்டு இரண்டு, மூன்று ஆண்டுகளே ஆன மரக்கன்றுகளுக்கு. வளர்ந்த வேம்பும் புங்கனும் பெரும்பாலும் தாமே சமாளிக்கும். கன்றுக்குத் தினம் ஒரு சொம்பு ஊற்றுவது வீண்: மேல்மண் மட்டும் நனைந்து, வேரும் மேலேயே தங்கிவிடும். சில நாளுக்கு ஒருமுறை, மாலையில், ஆழம் வரை இறங்கும்படி ஊற்றுங்கள். பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் இடைவெளி குறைவாகவும், களிமண் உள்ள இடங்களில் அதிகமாகவும் இருக்கட்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதையுங்கள். வண்ணம் பூசாத, சுட்ட மண்பானையாக இருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால், மண் காயக் காயப் பானைச் சுவர் வழியே ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் காய்ந்த இலையோ தென்னை நாரோ மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டில் மட்டும் ஒட்டக் கூடாது. சொட்டுநீர்க் குழாய் போட வசதியில்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ரப்பர் குழாயை நம்பாதீர்கள். 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்புகிறதென்றால், பத்து நிமிடம் திறந்துவிட்ட குழாயில் 150 லிட்டர் போயிருக்கிறது.

அரிசி, காய் கழுவிய தண்ணீர் எந்தச் செடிக்கும் ஆகும். ஏசியிலிருந்து சொட்டுவதும் அப்படியே. ஆர்ஓ கழிவுநீரில் உப்பு மிகுதி, தொட்டிச் செடிக்கு ஊற்றினால் இலை நுனி கருகும். அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளலாம். சோப்புத் தண்ணீரில் கடைசி அலசல் மட்டும் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும், கீரைக்கு வேண்டாம்.

புதுக் கன்று நட ஆசையிருந்தால் கோடையில் அவசரப்படாதீர்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நடுங்கள். முதல் சில மாதத் தண்ணீர்ச் செலவை மழையே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும்.