குருதி செல்லும் வழிகள்

நுழையும்முன்
ஓய்வாக இருக்கும் மனிதரின் இதயம், நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. அக்குருதி சென்று திரும்பும் வழிகளே குருதி நாளங்கள். ஒவ்வொரு நாளத்தின் சுவரும் அது ஆற்றும் பணிக்கேற்ப அமைந்துள்ளது. இவ்வமைப்பை அறிவது, உடலைப் பேணுவதன் முதற்படியாகும்.

தமனியும் தந்துகியும்
இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்பவை தமனிகள். இதயத்திற்குக் கொண்டுவருபவை சிரைகள். இவ்விரண்டையும் இணைப்பவை தந்துகிகள். தமனி, சிரை ஆகியவற்றின் சுவர்கள் மூன்று அடுக்குகளால் ஆனவை. வழுவழுப்பான உள்ளடுக்கு குருதியின் சீரான ஓட்டத்திற்குத் துணைபுரிகிறது. மென்தசையும் மீள்நார்களும் கொண்ட நடுவடுக்கு நாளத்தைச் சுருக்கவும் விரிக்கவும் உதவுகிறது. வெளியடுக்கு உறுதி தருகிறது.

தமனியின் நடுவடுக்கு தடித்தது. இதயம் சுருங்கிக் குருதியைச் செலுத்தும்போது பெருந்தமனியின் சுவர் விரிகிறது; இதயம் தளரும்போது அச்சுவர் மீண்டு, குருதியை முன்னோக்கித் தள்ளுகிறது. மணிக்கட்டில் நாம் உணரும் நாடித்துடிப்பு, தமனிகளின் வழியே பரவும் இவ்வழுத்த அலையேயாகும்.

தந்துகியின் சுவரோ ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. அதன் வழியாகவே உயிர்வளியும் ஊட்டப்பொருள்களும் திசுக்களை அடைகின்றன. கழிவுகள் குருதியில் கலக்கின்றன. குருதி உடலைச் சுற்றிவருகிறது என்பதை 1628இல் வில்லியம் ஹார்வி சான்றுகளுடன் வெளியிட்டார். எனினும், தமனியும் சிரையும் இணையும் இடத்தை அவரால் காண இயலவில்லை. 1661இல் மார்செல்லோ மால்பிகி, தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கியின் உதவியால் தந்துகிகளைக் கண்டு அக்குறையைத் தீர்த்தார்.

சிரையும் கெண்டைக்கால் தசையும்
சிரைகளில் அழுத்தம் குறைவு. ஆதலால் அவற்றின் சுவரும் மெல்லியது. பாதத்திலிருந்து குருதி, புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சிரைகளை அழுத்திக் குருதியை மேலேற்றுகின்றன. சிரையினுள் உள்ள வால்வுகள் அது கீழிறங்காமல் தடுக்கின்றன.

செங்கல்பட்டு மாவட்டத்தின் நாவலூர், பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் செறிந்த பகுதிகளுள் ஒன்று. இத்தகைய அலுவலகங்களில் பணியின் பெரும்பகுதி நாற்காலியிலேயே கழிகிறது. நெடுநேரம் அசையாது அமர்ந்தால் கெண்டைக்கால் தசைகள் செயலற்றிருக்கும். கால்களில் குருதி தேங்கி வீக்கம் தோன்றும். சிலருக்கு ஆழ்சிரைகளில் குருதி உறையவும் கூடும். அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே கேடாகும். இடையிடையே எழுந்து சில அடிகள் நடப்பது எளிய காப்பு.

சிரை, தமனியான விந்தை
இதயத் தசைக்குக் குருதி அளிக்கும் தமனியில் கொழுப்புப் படிந்து அடைப்பு ஏற்பட்டால் மாரடைப்பு நேரலாம். அடைப்பைத் தாண்டி மாற்றுவழி அமைக்கும் அறுவை மருத்துவத்தை, 1975இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே. எம். செரியன் மேற்கொண்டார். இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் மாற்றுவழி அறுவையாக அது போற்றப்படுகிறது.

இவ்வகை அறுவைகளில் நோயாளியின் காலிலிருந்து எடுத்த சிரையையே புதிய வழியாகப் பொருத்துவது உண்டு. அப்போது அச்சிரையைத் தலைகீழாகத் திருப்பி இணைப்பர். இல்லையெனில் அதன் வால்வுகளே குருதியை மறித்துவிடும். ஹார்வி ஆராய்ந்த அச்சிறு வால்வுகளின் திசையறிவு, இன்று அறுவை அரங்கில் உயிர் காக்கிறது.

புகையிலையைத் தவிர்த்தல், உப்பைக் குறைத்தல், நாள்தோறும் நடத்தல் ஆகியவை நாளங்களைக் காக்கும் நல்வழக்கங்கள். உயர் குருதியழுத்தம் பெரும்பாலும் அறிகுறியின்றியே தமனிச் சுவரைச் சிதைக்கும். ஆகவே, வீட்டிலுள்ள பெரியோரைக் குறித்த காலத்தில் அழுத்தத்தை அளந்துகொள்ளச் செய்வது, இப்பாடத்தைக் கற்ற மாணவர் ஆற்றத்தக்க முதற்பணியாகும்.