வீட்டுக் குப்பையும் வெளியூர் வாழ்க்கையும்

2018ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து எம் அன்னையார் தில்லிக்கு வந்திருந்தார். காஜியாபாத்தில் வாழும் உறவினர் இல்லத்திற்கு அவரை அழைத்துச் சென்றோம். நெடுஞ்சாலையின் ஓரத்தில், பனிமூட்டத்தினூடே பெரியதொரு மலை தோன்றிற்று. அதன்மேல் பருந்துகள் கூட்டங்கூட்டமாக வட்டமிட்டுக்கொண்டிருந்தன. அன்னையார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மேலே முருகன் கோயில் இருக்கிறதாடா?" என்று வினவினார். "கோயில் இல்லை, அம்மா, அது ஊர்க் குப்பை" என்றோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "இத்தனை குப்பையையும் வயலுக்கு அடிக்காமல் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

அக்கேள்வியைக் கேட்டு அன்று நகைத்தோம். பின்னர் எண்ணிப் பார்க்குங்கால், அது நகைப்புக்குரியதன்று என்று விளங்கிற்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு அலுவலகத்தில் அடிக்கடி எதிர்ப்படும் ஆங்கிலச் சொற்களுள் 'வேஸ்ட்' என்பதும் ஒன்று. அதற்குத் தமிழில் ஒரு சொல் போதாது. சோற்றில் எஞ்சியது மிச்சம். கரும்பில் எஞ்சியது சக்கை. நெல்லில் எஞ்சியது உமியும் தவிடும். 'குப்பை' என்னும் சொல்லுக்கோ குவியல் என்பதே பழம் பொருள். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றோர் ஊரே உண்டு. உழவர் வழக்கில் குப்பை என்றால் எரு. சாணமும் சாம்பலும் சருகும் குழியில் மக்கி, உழவுக்கு முன் வண்டியேறி வயலுக்குச் செல்லும். எம் அன்னையார் அறிந்த குப்பை அதுவே.

தில்லியில் நாம் கண்ட காஜிபூர்க் குப்பைமேடோ வேறு வகையைச் சார்ந்தது. 1984ஆம் ஆண்டு முதல் அங்கே நகரத்தின் குப்பை கொட்டப்பட்டு வருகிறது. 2002ஆம் ஆண்டிலேயே அதன் கொள்ளளவு நிரம்பிவிட்டது. ஆயினும் கொட்டுவது நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டளவில் அது ஏறத்தாழ 65 மீட்டர் உயரம் வளர்ந்திருந்தது. குதுப் மினாரின் உயரமே 73 மீட்டர்தான் என்பதை நினைவிற்கொண்டால், இதன் பெருக்கம் புலனாகும். 2017ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அம்மேட்டின் ஒரு பகுதி சரிந்து சாலையில் விழுந்தது, இருவர் மாண்டனர். 2022ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் அது தீப்பற்றி எரிந்தபோது, சுற்றிலும் வாழ்ந்தோர் புகையைச் சுவாசித்தனர்.

அந்தக் குப்பை ஏன் வயலுக்கு ஆகாது? விடை ஒரே சொல்லில் அடங்கும்: கலப்பு. காய்கறித் தோலையும் பழுதான மின்கலத்தையும், சாதத்தையும் நெகிழிப் பையையும் ஒரே வாளியில் போட்டு மூடிவிடுகிறோம். தனித்திருந்தால் எருவாகியிருக்கும் தோல், கலந்ததனால் நஞ்சாகிறது. தனித்திருந்தால் விலைபோயிருக்கும் காகிதம், சாம்பார் பட்டதனால் பயனற்றுப் போகிறது. மேட்டின் அடியில் காற்றுப் புகாத இடத்தில் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வாயு எழுகிறது. காற்றுமண்டலத்தை வெப்பமாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வலியது. மேடு எளிதில் தீப்பற்றுவதற்கும் அவ்வாயுவே பெருங்காரணம். அழுகல் நீர் மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. ஆகவே, குப்பை உண்டாகும் இடம் காஜிபூர் அன்று; நம் அடுக்களை மூலையிலுள்ள வாளியே.

இதை உணர்ந்தபின் நாங்கள் முதலில் செய்தது பிழையான காரியம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். இயற்கையோடியைந்த வாழ்வு வாழ்வதென்று தீர்மானித்து, மூங்கில் பல்துலக்கியும், துணிப் பைகளும், கண்ணாடிக் குப்பிகளும் விலைக்கு வாங்கினோம். வீட்டிலோ ஊர்த் திருமணங்களில் பெற்ற தாம்பூலப் பைகள் அலமாரி நிறைய அடுக்கியிருந்தன! குப்பையைக் குறைக்கப் புதுப்பொருள் வாங்குவது, கடனைத் தீர்க்கக் கடன் வாங்குவது போன்றதே. ஒரு திங்களுக்குள் ஊக்கமும் தளர்ந்தது.

அதன்பின், எதையும் வாங்காமலும், எதையும் மாற்றாமலும், ஒரு வாரத்துக் குப்பையைப் பிரித்து நிறுத்துப் பார்த்தோம். நால்வர் வாழும் வீட்டில் ஏழு நாளில் சேர்ந்தது 9 கிலோ. அதில் காய்கறித் தோல், காப்பிச் சக்கை, வீணான சோறு முதலிய ஈரப்பொருள் ஐந்தரைக் கிலோ. காகிதம், அட்டை, புட்டி ஆகியவை 2 கிலோ. பால் உறை, மாவு உறை, அஞ்சல் பொதிகளின் உறை ஆகிய நெகிழி 1 கிலோ. உண்மையிலேயே எதற்கும் ஆகாதது அரைக் கிலோவே. அந்த அரைக் கிலோவைக் கண்ட வியப்பே எங்களுக்குக் கிடைத்த ஊக்கம். மலைபோல் தோன்றியது கையில் அடங்கிவிட்டது. நேயர்களும் இதையே முதற்படியாகக் கொள்ளலாம்.

ஈரப்பொருளை எருவாக்குவது அரிய கலையன்று. அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட மண்தொட்டி ஒன்று போதும். ஒரு பங்கு ஈரப்பொருளுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு இடவேண்டும். புளித்த மோர் சிறிது தெளித்தால் விரைவில் மக்கத் தொடங்கும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் காற்றுப் புகும். காற்றுப் புகுந்தால் நாற்றமில்லை. நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள், சருகு சேர்க்கவேண்டும். இரண்டு மூன்று திங்களில் கருநிற எரு கிடைக்கும். வட இந்தியக் குளிரில் சற்றுத் தாமதமாகும். மே, ஜூன் வெயிலில் நீர் தெளிக்கவேண்டும். தில்லியில் குளிர்காலத்தின் முடிவில் வேம்பும் அரசும் உதிர்க்கும் இலைகளை ஒரு சாக்கில் சேர்த்துவைத்தால் ஆண்டு முழுவதற்கும் ஆகும். எம் வீட்டுத் தொட்டியில் கறிவேப்பிலை தழைப்பது அவ்வெருவினால்தான்.

உலர்ந்த பொருளுக்கு வட மாநிலங்களில் நல்ல துணை உண்டு. நம் ஊரில் பழைய பேப்பர்க்காரர் செய்யும் பணியை இங்கே 'கபாடிவாலா' செய்கிறார். தராசுடன் வாசலுக்கே வந்து, காகிதத்திற்கும் இரும்பிற்கும் விலை தருகிறார். பழைய துணிக்குப் பாத்திரம் தரும் பெண்களும் தெருவில் வருவதுண்டு. அவர்கள் சேர்த்த துணிகள் மேற்குத் தில்லியில் ரகுபீர் நகர்ச் சந்தையில் விடியற்காலையில் கைமாறுகின்றன. பாலுக்கு உறை வேண்டாமெனில், 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மதர் டெய்ரியின் சாவடிகளில் பாத்திரம் கொண்டு சென்று வாங்கலாம். இட்லி மாவை வீட்டில் அரைத்தால் வாரத்திற்கு மூன்று உறைகள் குறையும். ஆனால், இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் அரைக்க நேரம் எங்கே என்பாரும் உண்டு. அந்த உறையைக் கழுவி, உலர்த்தி, தனியே கொடுத்தாலும் நன்மையே.

"நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டிக்காரர் ஒன்றாகக் கொட்டிவிடுகிறாரே!" என்று நண்பர் பலர் குறைகூறக் கேட்டிருக்கிறோம். பல இடங்களில் அது உண்மையே. எனினும், தொட்டியில் எருவானதும் கபாடிவாலாவுக்கு விற்றதும் அவ்வண்டியில் ஏறுவதில்லை. மேலும், வீடும் நகராட்சியும் ஒத்துழைத்தால் என்ன நிகழும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்து இந்தூர் சான்று. 2017ஆம் ஆண்டு முதல் நாட்டின் தூய்மை நகர வரிசையில் தொடர்ந்து பல ஆண்டுகள் முதலிடம் பெற்ற நகரம் அது. வீடுகளில் பிரித்து வாங்கும் ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்க, நாளொன்றுக்கு 550 டன் கொள்ளும் ஆலை 2022ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்டது. அன்னையார் கேட்ட கேள்விக்கு அந்நகரம் தன் வழியில் விடை கண்டுவிட்டது.

இவ்வெண்ணம் தமிழருக்குப் புதிதன்று. 1892ஆம் ஆண்டு தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, பம்பாயில் கணக்காயராக விளங்கி, பின்னர் காந்தியடிகளுடன் இணைந்து, மராத்தி மொழி வழங்கும் வார்தாவில் கிராமக் கைத்தொழில்களுக்காக உழைத்தார். இயற்கையில் ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகிறது. அச்சுழற்சியை முறிக்கும் பொருளாதாரம் நிலைக்காது என்பது அவருடைய கொள்கை. நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய நூல் 1945ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் பணியாற்றிய இடமும் பிறந்த ஊர் அன்று. ஆயினும் அந்நிலத்தைத் தம்முடையதாகவே கருதினார்.

ஈண்டுதான் வெளியூர்வாழ் தமிழராகிய நம் நெஞ்சைத் தொடும் வினா எழுகிறது. ஊரில் நம் வீட்டு வாசலைக் கூட்டிக் கோலமிடுகிறோம். இங்கோ, 'வாடகை வீடுதானே, மாற்றல் வந்தால் போய்விடுவோம்' என்னும் நினைவு, நாம் அறியாமலே நம் கையைத் தளர்த்திவிடுகிறது. நமக்கு மாற்றல் வரலாம்; நாம் கொட்டிய குப்பைக்கு மாற்றல் இல்லை. அதன் அடிவாரத்தில் குடியிருப்போருக்கும் இல்லை. வெறுங்கையால் அதைக் கிளறிப் பிழைப்பவர் விரலில், நாம் காகிதத்தில் சுற்றாமல் எறிந்த உடைந்த கண்ணாடி தைக்கிறது.

எம் அன்னையார் ஊர் திரும்பும் நாளில், எங்கள் தொட்டி எரு சிறிதளவைத் துணியில் முடிந்து எடுத்துச் சென்றார். "தில்லிக் குப்பை எப்படி இருக்கிறதென்று பார்க்கிறேன்" என்றார். கொல்லையில் பூசணி விதைக்கு அதை இட்டாராம். கொடி நன்றாக ஓடியிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்.