இந்தக் கையெழுத்து யாருடையது?

ஆபிரகாம் லிங்கன் கடிதங்களில் 'ஏ. லிங்கன்' என்றுதான் கையெழுத்துப் போடுவார். முழுப்பெயர் பெரும்பாலும் அரசு ஆணைகளுக்கு. கைதியை விடுவிக்கச் சொல்லியும், வேலை தேடி வந்தவருக்குச் சிபாரிசு செய்தும் மனுவின் முதுகிலேயே இரண்டு வரி எழுதிக் கொடுப்பார். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தலைவர்களின் கையெழுத்தைச் சேகரிப்பவர்கள் இந்தத் துண்டுச்சீட்டுகளுக்காகத்தான் அலைகிறார்கள்.

பெயர் இருக்கிறது என்பதற்காக நம்பிவிட முடியாது. நிலப் பட்டாக்களில் ஜனாதிபதிக்குப் பதிலாகச் செயலாளரே கையெழுத்திடலாம் என்று 1833-ல் சட்டம் வந்தது. அதற்குப் பிந்தைய பட்டாவில் 'ஆண்ட்ரூ ஜாக்சன்' என்றிருந்தால், எழுதியவர் ஜாக்சன் அல்ல. ரயில் விபத்தில் வலக்கையில் அடிபட்ட ஆண்ட்ரூ ஜான்சனோ, ஜனாதிபதியானபின் பல ஆவணங்களில் ரப்பர் முத்திரை போல ஓர் அச்சைக் குத்தி வேலையை முடித்தார். வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1841-ல் பதவியேற்று ஒரே மாதத்தில் இறந்தார். அந்த மாதத்துக் கையெழுத்து கிடைப்பது குதிரைக்கொம்பு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தபால் உறைகளே நல்லது. காங்கிரஸ் உறுப்பினர் உறைமேல் கையெழுத்திட்டால் தபால்தலை வேண்டாம் என்ற சலுகை 1873-ல் ரத்தாகும்வரை, பேர் தெரியாத உறுப்பினர்கள்கூட ஏராளமாகக் கையெழுத்திட்டுத் தள்ளியிருக்கிறார்கள்.

போலியைப் பிடிக்க முதலில் மையைப் பார்ப்பார்கள். நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மாசிக்காயும் அன்னபேதியும் வேலம்பிசினும் சேர்ந்ததுதான் அன்றைய மை. எழுதியபின் கறுக்கும், காலப்போக்கில் பழுப்பேறும், சில சமயம் காகிதத்தையே அரித்துவிடும். பழைய புத்தகத்தின் வெற்றுத்தாளைக் கிழித்து அதில் எழுதும் மோசடிக்காரர்களும் உண்டு. ஆனால் பழந்தாளில், மை ஊறாமல் தடுக்கும் பசைப்பூச்சு வலுவிழந்திருக்கும். புது மை ஓரங்களில் ஊறும். மடிப்பு இன்னும் நல்ல சாட்சி. எழுதிவிட்டு மடித்த தாளில், மடிப்புக் கோட்டில் மை உதிர்ந்திருக்கும். மடித்தபின் எழுதியதில், நைந்த நார்களுக்குள் மை ஓடியிருக்கும். லென்ஸ் இருந்தால் போதும், தெரிந்துவிடும்.

அசல் சீட்டிலும் தில்லுமுல்லு நடக்கும். ராணுவத்தைவிட்டு ஓடியதற்காக மரண தண்டனை பெற்ற பாட்ரிக் மர்ஃபி என்ற சிப்பாய்க்கு லிங்கன் மன்னிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். தேதி 1865 ஏப்ரல் 14. லிங்கன் சுடப்பட்ட நாளே அதுதான் என்பதால் அவரது கடைசி வேலைகளுள் ஒன்றாக அந்த மன்னிப்பு பேசப்பட்டது. வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும் கொஞ்சம் கறுப்பாக இருப்பதை ஆவணக் காப்பக ஊழியர் ஒருவர் கவனித்தார். 1950-களில் அச்சான லிங்கன் எழுத்துத் தொகுப்பைப் புரட்டினால் அங்கே 1864! யாரோ 4-ஐ 5 ஆக்கியிருக்கிறார்கள் என்று 2011-ல் காப்பகம் அறிவித்தது. மற்ற எழுத்தெல்லாம் லிங்கனுடையதே.