கிழக்கே கோட்டையிலிருந்து நடந்தால்

திருவனந்தபுரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோவளத்தில் அறை எடுக்கிறார்கள். காரில் வந்து பத்மநாபசுவாமியைத் தரிசித்துவிட்டு அதே காரில் விமான நிலையம் போய்விடுகிறார்கள். இந்த ஊருக்கு அது நியாயமே இல்லை. இது நடந்து பார்க்க வேண்டிய ஊர். அதிலும் தமிழர்கள், கிழக்கே கோட்டைப் பக்கமிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் ஒருமுறையாவது நடந்துவிட வேண்டும்.

திருவிதாங்கூர் மன்னர் தர்மராஜா காலத்தில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. நாஞ்சில் நாட்டு அரிசியும் காய்கறியும் தோவாளைப் பூவும் அப்போது மாட்டுவண்டியில் வந்து இறங்கின. 1956 நவம்பர் 1 அன்று நாகர்கோவில் சீமை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. களியக்காவிளையில் எல்லை விழுந்தது. பூ வருவது மட்டும் நிற்கவில்லை. இன்றைக்கும் மூட்டையைப் பிரித்ததும் பிச்சிப்பூ வாசனை, பக்கத்துக் கடையின் மல்லி, வற்றல் மிளகாய் நெடியோடு கலந்து மூக்கில் ஏறும். "அண்ணாச்சி, வெல கொறைக்காமோ?" என்று மலையாளத்தில் கேட்பார்கள், பதில் திருநெல்வேலித் தமிழில் வரும். இந்தத் தெருவிலேயே கடை வைத்திருந்த ஆ. மாதவன், இங்கே சுமை தூக்கியவர்களையும் சில்லறை வியாபாரிகளையும் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். 2021இல் அவர் காலமானார். அவர் எழுதிய தெருவில் இப்போது ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே கான்கிரீட் மாடிகள் நிற்கின்றன. செல்போன் உறைகள் சரம்சரமாகத் தொங்குகின்றன. ஸ்கூட்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. காலையிலேயே போய்விடுவது நல்லது.

அங்கிருந்து திரும்பிக் கோட்டைக்குள் வந்தால் பத்மதீர்த்தக் குளம். அதன் எதிரே, உயரத்தில், மேத்தன் மணி. மணி அடிக்கும்போது தாடிக்காரர் முகம் வாயைத் திறக்க, இரண்டு பக்கமும் நிற்கும் ஆடுகள் பாய்ந்து வந்து அவர் கன்னத்தில் முட்டும்படி செய்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிகாரம். பக்கத்தில் சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகை. கூரையடியில் வரிசையாக 122 மரக் குதிரைகள். 2011இல் கோயிலின் நிலவறைகளைத் திறந்தபின் உலகமே இந்தப் பக்கம் திரும்பியது. துப்பாக்கி ஏந்திய காவலும் சோதனைக் கருவிகளும் அதற்குப் பிறகு பெருகியவை.

ஆனால் இந்த வீதிகளில் நடந்த பெரிய மாற்றம் நிலவறையில் இல்லை, தரையில் இருக்கிறது. நாம் செருப்புக் காலோடு சாவகாசமாகப் படம் எடுத்துக்கொண்டு நடக்கிறோமே, கோயிலைச் சுற்றிய இந்தத் தெருக்களில், ஒரு நூற்றாண்டுக்கு முன் சாதியின் பெயரால் பல்லாயிரம் பேர் கால் வைக்க முடியாது. கோவளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. அவர் சமூகத்தவரான புலையர் பொதுச்சாலையில் போகக் கூடாது என்றிருந்த காலத்தில், 1893இல், வில்வண்டி ஒன்றை வாங்கி, நல்ல உடை உடுத்தி, அதே சாலையில் ஓட்டிக் காட்டினார். அதற்குப் பதிலாக அடியும் உதையும் வந்தன. அவர் ஆட்கள் திருப்பியும் அடித்தார்கள். பின்னர் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக, 1924இல் போராட்டம் எழுந்தது. அதில் பெரியார் சிறை சென்ற கதை நமக்குத் தெரிந்ததுதான். 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மன்னர் ஆலயப் பிரவேச விளம்பரத்தை வெளியிட்டார். 1937 ஜனவரியில் காந்தி இங்கே வந்து, அதுவரை வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களோடு கோயிலுக்குள் போனார். இந்துக்கள் அல்லாதவர்களுக்கு இன்றும் உள்ளே அனுமதி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் குளக்கரையில் நின்று ஏழு நிலைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

குதிரைகளின் எண்ணிக்கையைவிட இந்த வரலாற்றைத்தான் சுற்றுலா வழிகாட்டிகள் முதலில் சொல்ல வேண்டும் என்பேன்.

கோட்டையிலிருந்து எம்.ஜி. ரோடு வழியாக வடக்கே நடக்கலாம். தலைமைச் செயலகத்தைத் தாண்டிப் பாளையத்தை நெருங்கும்போது பழைய மண்டபம் ஒன்று வரும். விக்டோரியா ராணியின் ஆட்சி விழாவை ஒட்டி 1896இல் கட்டியது; நெடுங்காலம் வி.ஜே.டி. ஹால் என்றே பெயர். ஸ்ரீமூலம் பிரஜா சபை இங்கே கூடியது. அதன் உறுப்பினராக அய்யன்காளி இந்த மண்டபத்துக்குள் வந்து, தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் குடியிருக்க நிலமும் கேட்டுப் பேசினார். 2019இல் அதன் பெயரை மகாத்மா அய்யன்காளி ஹால் என்று மாற்றினார்கள். ஆட்டோக்காரர்களில் பழையவர்களுக்கு இன்னும் வி.ஜே.டி. என்றால்தான் சட்டென்று புரியும். நடந்து போகிறவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. புதிய பெயர் வாசலிலேயே இருக்கிறது.